பயோடெக் சீட்டும் பதினைந்து பவுனும்

கேள்வி: மகளுக்குக் கலந்தாய்வில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) பி.டெக் இன்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜி கிடைத்திருக்கிறது. விடுதி, மெஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1.2 லட்சம் ஆகும்போல் தெரிகிறது. "பயோடெக்குக்கு வேலை ஏது? 14 லட்சம் போனாலும் தனியாரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு" என்கிறார் மைத்துனர். என் சம்பளம் மாதம் 35,000. வங்கியில் 3 லட்சம் டெபாசிட், மனைவியிடம் 15 பவுன் இருக்கிறது. எதில் கை வைக்கலாம்?
- வாசகர், ஈரோடு

பதில்: இரண்டிலும் வேண்டாம்.

முதலில் மைத்துனர் சொன்னது. அதில் பாதி நிஜம். பி.டெக் மட்டும் முடித்துவிட்டுப் பெங்களூரு, ஹைதராபாத் மருந்து நிறுவனங்களுக்குப் போனால் ஆரம்பச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது. ஆராய்ச்சிப் பிரிவுகளில் எம்.டெக், பிஎச்.டி. கேட்பார்கள். அதனால் நாலு வருஷப் படிப்பு என்று நினைக்காமல் ஆறு வருஷத்துக்குத் திட்டம் போடுங்கள். அந்தக் கடைசி இரண்டு வருஷம் உங்கள் பையிலிருந்து அதிகம் போக வேண்டியதில்லை. எம்.டெக் சேர்க்கைக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக் சேருபவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மூன்றாம் வருஷத்திலேயே கேட் எழுதலாம், மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும்.

14 லட்சம் யோசனையை மறந்துவிடுங்கள். உங்களுடைய மூன்று வருஷச் சம்பளத்தைவிட அது அதிகம். மகளுக்கு விருப்பமில்லாத படிப்பென்றால் இன்னும் மோசம்.

இனி பி.டெக்கின் நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஆகும் 4.8 லட்சத்துக்கு வருவோம். கையில் காசு இருந்தாலும் கல்விக் கடன் வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை. வருஷம் 1.2 லட்சம் வீதம் வாங்கினால், 10 சதவீதத் தனிவட்டியில், படிப்பும் அதற்குப் பிறகான ஒரு வருஷ அவகாசமும் முடியும்போது வட்டி மட்டும் சுமார் 1.68 லட்சம் ஏறியிருக்கும். ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழில்நுட்பப் படிப்புக்கான இந்தக் கால வட்டியை மத்திய அரசே கட்டுகிறது. உங்கள் வருமானம் 4.2 லட்சம், வேறு வருமானம் இல்லையென்றால் வரம்புக்குள் வந்துவிடுகிறீர்கள்! வருமானச் சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். பாதியில் படிப்பை விட்டால் சலுகை போய்விடும். பட்டப் படிப்பு, மேல்படிப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் கிடைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அதுவரை டெபாசிட் தன் பாட்டுக்கு வளரட்டும். 7 சதவீதம் கிடைத்தால் 3 லட்சம் ஐந்து வருஷத்தில் 4.2 லட்சமாகும். அவகாசம் முடிந்ததும் அதை எடுத்துக் கடனில் பெரும்பகுதியை ஒரே அடியாக அடைத்துவிடலாம். நகையை அடகு வைத்தால் இந்தச் சலுகை எதுவும் கிடையாது, முதல் மாதத்திலிருந்தே வட்டி ஓடும்.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் கடன் கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், மெஸ் பில்லுக்கு ஒத்தாசை.

அப்புறம் ஒன்று. கடன் விண்ணப்பத்தை, கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளம் வழியாகவே போடுங்கள். 4 லட்சத்துக்கு மேல் போனாலும் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. கிளையில் "நகையை வையுங்கள், சீக்கிரம் முடித்துத் தருகிறோம்" என்றால், விண்ணப்ப எண்ணைக் காட்டி, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.