பாலே நடன வகுப்பு மட்டுமே உடற்பயிற்சிக்குப் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 36. உட்கார்ந்தே செய்யும் வேலை. ஜிம் பிடிக்காததால் பெரியவர்களுக்கான பாலே வகுப்புக்கு வாரம் இருமுறை போகிறேன். இதுவே போதுமான உடற்பயிற்சியா? சில வாரங்களாக முழங்காலின் உட்புறம் வலிக்கிறது, தொடரலாமா?

பதில்: வலியை முதலில் கவனிப்போம். பாலேயில் கால்களை வெளிப்புறமாகத் திருப்பி நிற்கும் நிலை பெரும்பாலும் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். அந்த மூட்டின் எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், இரு பாதங்களையும் ஒரே நேர்கோட்டில் வைப்பது எல்லோருக்கும் இயலாது. இயலாதவர்கள் முழங்காலை மடக்கி, பாதங்களை வேண்டிய அளவுக்கு அகட்டித் தரையில் அழுத்திக்கொண்டு, பிறகு நிமிர்வதுண்டு. அப்போது இடுப்பு தராத திருப்பத்தை முழங்காலும் கணுக்காலும் ஈடுகட்ட நேர்கிறது. உள்ளங்கால் வளைவு உட்பக்கம் சரிகிறது. முழங்காலின் உட்புறத் தசைநார்கள் முறுக்கப்படுகின்றன. உங்கள் வலிக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். பாதங்களை இணையாக வைத்து, முழங்கால்களை நிமிர்த்தி நின்று, முன்பாதத்தைச் சற்றே தூக்கி, தொடைகளை இடுப்பிலிருந்து மட்டும் வெளிப்புறம் திருப்புங்கள். பாதங்கள் எங்கே வந்து நிற்கின்றனவோ, அதுவே இன்றைக்கு உங்களுக்குரிய அளவு; பக்கத்தில் நிற்பவரின் அளவு உங்களுக்குத் தேவையில்லை. பிளியே, அதாவது கால்களைத் திருப்பியபடி முழங்காலை மடக்கும் அசைவைச் செய்யும்போது முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராகச் செல்லவேண்டும். இப்படித் திருத்திய பிறகும் வலி நீடித்தாலோ, வீக்கமோ மூட்டு பிடித்துக்கொள்வதோ இருந்தாலோ, வகுப்பை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உடற்பயிற்சி என்ற அளவில், கெண்டைக்கால், பாதம், இடுப்பைச் சுற்றியுள்ள ஆழ்தசைகள், உடலின் சமநிலை ஆகியவற்றுக்கு பாலே கடினமான, மிகச் சிறந்த பயிற்சி என்று தயங்காமல் சொல்வேன். வகுப்பில் பிடித்துக்கொண்டு பயிலும் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி, அதை நான்கு எண்ணிக்கையில் மெதுவாக இறக்கிப் பாருங்கள். எடையே இல்லாமல் எவ்வளவு உழைப்பு என்பது புரியும்.

ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது போதாது. வகுப்பின் பெரும்பகுதி கைப்பிடி அருகே, இடையிடையே நிறுத்தி நிறுத்தி நடக்கிறது. இதயத் துடிப்பை ஏற்றும் துள்ளல்கள் இறுதியில் சிறிது நேரமே வருகின்றன, அதிலும் முறைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பையாவது பரிந்துரைக்கிறது. ஆகவே வகுப்பில்லாத நாள்களில் வேகநடை, நீச்சல், சைக்கிள் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைகளுக்கும் முதுகுக்கும் இழுக்கும், தள்ளும் பயிற்சி பாலேயில் மிகக் குறைவு என்பதால், வாரம் இருமுறை எடைப் பயிற்சியும் தேவை. லண்டன் ராயல் பாலே போன்ற தொழில்முறைக் குழுக்களின் கலைஞர்களே ஜிம்முக்கும் போகிறார்கள்.

விரல்நுனியில் நிற்பதற்கான பாயின்ட் காலணியை, கணுக்கால் வலுவை ஆசிரியர் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை வாங்கவேண்டாம்.