சங்க வேலையும் கவிதையும்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: நூற்பாலைத் தொழிற்சங்க அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கல்லூரியில் நிறைய கவிதை எழுதினேன். சங்கத்துக்கு வந்த இரண்டு வருடமாக எழுத உட்கார்ந்தால் கோஷம்தான் வருகிறது. இலக்கிய நண்பர்கள் ‘அரசியல் உன்னைக் கெடுத்துவிட்டது’ என்கிறார்கள். சங்கத்தில் ‘கவிதை யாருக்கு?’ என்கிறார்கள். இப்போது ஆங்கிலம் வழியாக வெளிநாட்டுக் கவிதைகளைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மூலமொழி தெரியாமல் செய்வது தப்பா? எழுத முடியாமல் ஓடி ஒளிகிறேனா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வங்கக் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயின் ஞாபகம்தான் வந்தது. அவர் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1919இல் கிருஷ்ணநகரில் பிறந்தவர். 21 வயதில், 1940இல், ‘பதாதிக்’ என்ற முதல் தொகுப்பு வந்தது. காலாட்படை வீரன் என்று பொருள். காதல் கவிதையோடு தொடங்காத முதல் வங்கக் கவிஞர் இவராகத்தான் இருக்கும் என்று கவிஞரும் விமர்சகருமான புத்ததேவ போஸ் வியந்து எழுதினார். யாப்பில் இவருக்கு இருந்த தேர்ச்சியையும் பாராட்டினார். இப்படி ஒரு வரவேற்பு கிடைத்த இளைஞர் அடுத்தடுத்துப் புத்தகம் போட்டிருக்கலாம். அவரோ 1942இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, முழுநேர ஊழியராகி, கட்சிப் பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போய்விட்டார். அடுத்த கவிதைத் தொகுப்பு வந்தது 1948இல். நடுவில் எட்டு வருடம்! நீங்கள் இரண்டு வருடத்துக்கே பயப்படுகிறீர்கள்.

1948இல் கட்சி தடை செய்யப்பட்டதும் சிறைக்குப் போனார். வெளியே வந்த பிறகு, 1952இல் அவர் கொண்டுவந்த புத்தகம் எது தெரியுமா? துருக்கிக் கவிஞர் நாசிம் ஹிக்மத்தின் கவிதைகள், வங்க மொழியில். ஹிக்மத்தும் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர். சுபாஷுக்குத் துருக்கி மொழி தெரியாது. வேறு மொழி வழியாகத்தான் அந்தக் கவிதைகளை அடைந்தார். அதில் சிறையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதமாக ஒரு கவிதை. ‘உங்களைத் தூக்கில் போட்டால் நான் செத்துப்போவேன்’ என்று அவள் எழுதியிருக்கிறாள். நீ வாழ்வாய், என் நினைவு காற்றில் கறுப்புப் புகையாய்க் கலைந்துபோகும் என்று பதில் சொல்லிவிட்டு, இருபதாம் நூற்றாண்டில் துக்கத்துக்கு ஆயுள் அதிகம் போனால் ஒரு வருடம் என்கிறார். சுபாஷின் மொழியில் இந்த வரி வங்காளிகள் மனப்பாடமாகச் சொல்லும் வரியாகிவிட்டது. மூலமொழி தெரிந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவிதைக்கு வேண்டியிருந்தது சிறை என்றால் என்னவென்று அறிந்த ஒரு வங்க நாக்கு. அது இவரிடம் இருந்தது.

அதே 1952இல் மனைவி கீதாவோடு, கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ் பக்கம் ஒரு கிராமத்தில் குடியேறினார். சணல் ஆலைத் தொழிலாளர்கள் வாழும் பகுதி. அங்கே சங்க வேலை. அதற்குப் பிறகு வந்த கவிதைகளைப் படித்தால், பேச்சுமொழி அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது தெரியும். ‘சாலேமனின் அம்மா’ என்று ஒரு கவிதை. பைத்தியக்காரப் பாபர் அலியின் கண்களைப் போலக் கலைந்து கிடக்கும் வானத்தின் கீழே, அவன் மகள் சாலேமன் கல்கத்தாவின் சந்து பொந்துகளில் தாயைத் தேடுகிறாள். ஊர்வலத்தின் குரலோடு தன் குரலையும் சேர்த்து, பீளை வடியும் கண்ணோரம் நீர் நிறைய, அம்மாவைக் கூப்பிடுகிறாள். ஒரு பஞ்சத்தில் பிறந்த மகள், இன்னொரு பஞ்சத்தின் வாசலில் நின்று தேடுகிறாள். ஊர்வலம் இருக்கிறது, பஞ்சம் இருக்கிறது, கட்சிக்காரர் எழுதியதுதான். கோஷம் எங்கே? அந்தக் கண்ணில் வடியும் பீளையைப் பார்த்துவிட்டவருக்குக் கோஷம் தேவைப்படவில்லை. இந்தக் கவிதையை என்னால் இன்றும் சத்தமாகப் படித்து முடிக்க முடிவதில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்த ஓர் அக்கா, தலைமுடியில் பஞ்சோடு, பஸ்ஸில் உங்கள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டதாக. அதை ஏன் கடிதத்தோடு விட்டுவிட்டீர்கள்?

கட்சியோடு சுபாஷுக்கு எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. பிற்காலத்தில் விலகினார், பழைய தோழர்களிடம் வசவும் வாங்கினார். 1964இல் சாகித்ய அகாதெமி, 1991இல் ஞானபீடம் என்று விருதுகள் வந்தன. மொழிபெயர்ப்பை மட்டும் கடைசிவரை விடவில்லை: பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸ், ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு, அப்புறம் சமஸ்கிருதக் காதல் கவிதைகளான ‘அமருசதகம்’. குறுந்தொகை படித்தவர்களுக்கு அது சொந்தக்கார வீடு மாதிரி இருக்கும். 2003இல் இறந்தார்.

ஆகவே பெயர்த்துக்கொண்டே இருங்கள், சங்கத்தையும் விட வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு கவிதையைப் பெயர்த்து முடித்ததும் ஆங்கிலப் பிரதியை மூடி வைத்துவிட்டு, தமிழை மட்டும் அந்த அக்காவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் ‘என்னது, திரும்பச் சொல்லு’ என்று கேட்கிற வரிகளை அன்று ராத்திரியே உட்கார்ந்து திருத்துங்கள்.