சிப் மாறியதும் நிரல் ஏன் விழுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போர்வெல் மோட்டாருக்கான கன்ட்ரோல் போர்டு செய்கிறோம். ஃப்ரீஆர்டிஓஎஸ் (சிறிய சிப்களுக்கான இயங்குதளம்) மேல் எழுதிய நிரல் கார்டெக்ஸ்-எம்4 சிப்பில் ஒழுங்காக ஓடியது. விலையைக் குறைக்க எம்0-வுக்கு மாறினோம். மின் மீட்டரிடமிருந்து மோட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறும் முறை) பதில் வந்தவுடன் ஹார்ட்ஃபால்ட், அதாவது பிழையால் சிப் நிரலை நிறுத்திவிடுகிறது. மீட்டரைக் கழற்றிவிட்டால் தொந்தரவு இல்லை.
– வாசகர், கப்பலூர்

பதில்: மீட்டரைக் கழற்றிப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. மோட்பஸ் ஆர்டியூ பதிலில் முகவரி, கட்டளை எண், பைட் எண்ணிக்கை என்று 3 பைட் போன பிறகே அளவீடு தொடங்கும். பஃபர் 4-ஆல் வகுபடும் முகவரியில் இருந்தால் அளவீடு அப்படி அமையாது. அந்த இடத்தை 32 பிட் பாயின்டராக மாற்றி ஒரே வீச்சில் படித்தால் எம்4 பொறுத்துக்கொள்ளும், எம்0 பொறுக்காது. எம்4-இலும் முழு நம்பிக்கை வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு வாசிப்புகளைக் கம்பைலர் சேர்த்து, இரண்டையும் ஒன்றாகப் படிக்கும் எல்டிஆர்டி கட்டளையாக்கினால் அங்கேயும் விழும். பழைய போர்டின் நிரலையும் திருத்திவிடுங்கள்.

முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள். ஃபால்ட்டின் காரணம் சொல்லும் சிஎஃப்எஸ்ஆர் ரிஜிஸ்டர் எம்0-வில் கிடையாது. ஹார்ட்ஃபால்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் தொடங்கியதுமே, அசெம்பிளியில், எல்ஆர் ரிஜிஸ்டரின் பிட் 2-ஐப் பாருங்கள்: 1 என்றால் பிஎஸ்பி (டாஸ்க்கின் ஸ்டேக்), 0 என்றால் எம்எஸ்பி (முதன்மை ஸ்டேக்). அந்த ஸ்டேக் முகவரியிலிருந்து 24 பைட் தள்ளி இருப்பதுதான் விழுந்த கட்டளையின் முகவரி. முகவரியை நிரல் வரியாக மாற்றும் ஆடர்2லைன் கருவியிடம் கொடுத்தால் வரி எண்ணே வந்துவிடும்.

திருத்தம் எளிது. 4 பைட்டையும் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொன்றையும் 32 பிட் அன்சைன்டாக மாற்றி, முதலாவதை 24, அடுத்தவற்றை 16, 8 பிட் இடப்பக்கம் நகர்த்தி, கடைசியை அப்படியே சேருங்கள். மோட்பஸில் ஒவ்வொரு ரிஜிஸ்டரின் உயர் பைட்டும் முதலில் வருவதால் பைட் வரிசைச் சிக்கலும் இதிலேயே தீரும். சில மீட்டர்கள் தாழ்ந்த 16 பிட் வேர்டை முதலில் அனுப்பும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரக்ட்டை 'பேக்டு' ஆக்கும் (உறுப்புகளை இடைவெளி இல்லாமல் அடுக்கும்) வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உறுப்பின் முகவரியைச் சாதாரண பாயின்டரில் எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கேள்வி: நூல் அறுந்து தறி நின்றால் 2 விநாடியில் மணி அடிக்கும் கருவி. ஏவிஆர் சிப்பில் தவறியதே இல்லை. ஆர்ம் சிப்புக்கு மாற்றிய பின் எப்போதாவது மணி அடிப்பதில்லை.
– வாசகர், செல்லூர்

பதில்: மில்லிவிநாடியை 16 பிட் அன்சைன்டு மாறியில் வைத்திருப்பீர்கள். அது 65,536-இல் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஏவிஆரில் இன்ட் 16 பிட் என்பதால் கழித்தல் தானாகவே சுற்றிக்கொண்டு சரியான விடை தரும். ஆர்மில் இரண்டு எண்களும் 32 பிட் இன்ட்டாக உயர்ந்த பிறகுதான் கழிக்கப்படும். விடை எதிர்ம எண்ணாகி, 2000-ஐ ஒருபோதும் தாண்டாது. அதனால் ஒவ்வொரு 65.5 விநாடிச் சுற்றின் கடைசி 2 விநாடிக்குள் தறி நின்றால் மட்டும் மணி தவறும். கழித்த விடையை 16 பிட் அன்சைன்டாக காஸ்ட் செய்த (வகை மாற்றிய) பிறகு ஒப்பிடுங்கள். சோதிக்க, கவுன்டரை 64,000-இல் தொடங்கி உடனே தறியை நிறுத்துங்கள்.

கேள்வி: எஸ்டிஎம்32-இல் ஓடிய டாஸ்க், இஎஸ்பி32-இல் தொடங்கியதும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ. ஸ்டேக் அளவு 256 கொடுத்திருக்கிறேன்.
– மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: எஸ்டிஎம்32-இல் அந்த 256 வேர்டு கணக்கு; இங்கே ஒரு வேர்டு 4 பைட், அதாவது 1024 பைட். இஎஸ்பி32-க்கான மென்பொருள் தொகுப்பான இஎஸ்பி-ஐடிஎஃப் அதே எண்ணைப் பைட்டாகவே எடுத்துக்கொள்ளும். 4096 கொடுத்து, எல்லா வேலைகளையும் ஒருமுறை ஓடவிட்டு, ஹை வாட்டர் மார்க் (ஸ்டேக்கில் இதுவரை மிஞ்சிய மிகக் குறைந்த இடம்) எவ்வளவு மீதம் காட்டுகிறது என்று பார்த்துப் பிறகு குறையுங்கள். அந்த மீதமும் இங்கே பைட்டில்தான் வரும்.