பிக்கப் மாற்றும் முன்: பேஸ் கிட்டார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலை குறைந்த பேஸ் வைத்திருப்பவர்கள் எழுதியவை. நல்லது. ஆனால் எழுதும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: பேஸ் ஆக்டிவா (உள்ளே பேட்டரி உள்ளது) பாஸிவா (பேட்டரி இல்லாதது), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தப் பகுதி) என்ன வகை, ஸ்ட்ரிங் போட்டு எத்தனை மாதம் ஆகிறது. இவை இல்லாமல் "சவுண்டு சரியில்லை" என்று மட்டும் எழுதினால் நான் ஊகம்தான் செய்ய முடியும்.

கே: என் பேஸ் மந்தமாக ஒலிக்கிறது. எந்த பிக்கப் வாங்கிப் போடலாம்?

ப: என்ன பேஸ், இப்போது அதில் என்ன பிக்கப் இருக்கிறது, எதையும் சொல்லவில்லை. கடைசி வரியில் போகிற போக்கில் "வாங்கும்போது இருந்த அதே ஸ்ட்ரிங்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கி இரண்டு வருடமாம். பதில் அங்கேயே இருக்கிறது. ரவுண்ட்வுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பியின் சுற்றுகளுக்கு நடுவே வியர்வையும் அழுக்கும் சேரச் சேர, மேல் ஹார்மோனிக்குகள் (அடிப்படை ஓசைக்கு மேலே கூடவே ஒலிப்பவை)தான் முதலில் செத்துப்போகும். கம்பியில் இல்லாத ஓசையை எந்த பிக்கப்பும் எடுத்துத் தராது. 45-105 (ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் கம்பித் தடிமன்) நிக்கல் செட் ஒன்று போடுங்கள், செட்டப் (நெக் வளைவு, கம்பி உயரம் சரிபார்ப்பு) செய்யுங்கள், ஒரு மாதம் வாசியுங்கள். அதற்கு அப்புறமும் பிக்கப் வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள்.

போடும்போது ஒரு எச்சரிக்கை. கம்பியை முதலில் செங்கோணமாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். நேராக இருக்கும்போதே வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவிவிடலாம். அப்படியானால் புது ஸ்ட்ரிங்கும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

கே: பழைய ஸ்ட்ரிங்கை வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதிது போல் ஆகுமா?

ப: சில நாள் பளிச்சென்று இருக்கும், அப்புறம் பழைய கதைதான். கழற்றிக் கழற்றி மாட்டுவதில் கம்பியும் தளர்ந்துபோகும். அவசரத்துக்குச் செய்யலாம், வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கே: ஃப்ளாட்வுண்ட் (மேலே தட்டைப் பட்டை சுற்றிய ஸ்ட்ரிங்) போட்டால் விலை உயர்ந்த பேஸ் போலக் கேட்குமா?

ப: வேறு மாதிரி கேட்கும். பளபளப்பு குறைந்து, அடி கனமாக, நோட்டு சீக்கிரம் அடங்கும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1960-களில் தடித்த ஃப்ளாட்வுண்டையும் பிரிட்ஜ் (பேஸின் உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதி) ஓரம் ஒரு ஸ்பாஞ்சையும் வைத்துக்கொண்டுதான் அந்த ஒலியைக் கொண்டுவந்தார். ஸ்ட்ரிங்கை மாற்றவே மாட்டார் என்பதும் பிரசித்தம். மலிவான பிக்கப்பின் கீச்சுத்தன்மை ஃப்ளாட்வுண்டில் தெரியாது, அதனால் உங்களுக்கு இது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால் ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து) வாசிப்பவர் என்றால் வேண்டாம். பெரும்பாலான ஃப்ளாட்வுண்ட் செட்களில் இழுவிசை கூடுதல். எனவே போட்டபின் நெக்கின் (கழுத்துப் பகுதியின்) வளைவைத் திரும்பப் பாருங்கள்.

கே: ஆக்‌ஷனைக் (கம்பியின் உயரத்தைக்) குறைக்க டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டை) இரண்டு சுற்று முறுக்கினேன். இப்போது முதல் நான்கு ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கறகறவென்கிறது.

ப: இரண்டு சுற்றா! டிரஸ் ராட் இருப்பது நெக்கின் வளைவைச் சரிசெய்ய. கம்பியின் உயரத்துக்கு பிரிட்ஜில் சேடில் (கம்பி உட்காரும் துண்டு) திருகுகள் இருக்கின்றன. ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். அதையும் மீறி இறுகினால் நிறுத்திவிடுங்கள், உடைந்தால் நெக்கே போயிற்று. இப்போது கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். முதல் ஃப்ரெட்டையும் நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அது சரியான பிறகு 12-ஆவது ஃப்ரெட்டில் தடித்த இ கம்பி 2.5 மி.மீ., மெல்லிய ஜி கம்பி 2 மி.மீ. என்று சேடிலில் வையுங்கள்.

கே: வீட்டில் அருமையாக ஒலிக்கிற பேஸ், குழுவோடு வாசிக்கும்போது காணாமல் போய்விடுகிறது. ஆம்பில் பேஸ் (கீழ் ஓசை), ட்ரெபிள் (மேல் ஓசை) குமிழ்கள் முழுக்க, மிட் (நடு ஓசை) பூஜ்யத்தில் வைத்திருக்கிறேன். இன்னும் பெரிய ஆம்ப் வாங்க வேண்டுமா?

ப: வேண்டாம். வாங்கினாலும் இதேதான் நடக்கும். மிட்டைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு "பேஸ் கேட்கவில்லை" என்று வரும் கடிதம் எனக்கு ஓயாமல் வருகிறது. நல்ல பேஸைக் கெட்ட பேஸ் என்று நினைத்து விற்றுவிடுகிறார்களே என்று வருத்தமாக இருக்கிறது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஃப்ரெட்டில் அழுத்தாமல் மீட்டும் இ கம்பியின் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். எட்டு அங்குலம், பத்து அங்குலம் ஸ்பீக்கர் உள்ள சின்ன ஆம்ப்கள் பெரும்பாலும் அதை ஒழுங்காக வெளியே தருவதில்லை. நாம் கேட்பதாக நினைக்கிற அந்த அடித்தொனியில் பெரும்பங்கு 82, 123 என்று மேலே போகிற ஹார்மோனிக்குகளிலிருந்து நம் காது கட்டிக்கொள்வது. என்ன நோட்டு வாசிக்கிறீர்கள், எப்போது தட்டினீர்கள் என்று கேட்பவருக்குச் சொல்வது 250-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. அதைத்தான் நீங்கள் துடைத்து எறிந்திருக்கிறீர்கள். மிச்சம் இருக்கும் கீழ்ப்பகுதியை கிக் டிரம்மும் மேல்பகுதியை சிம்பலும் கிட்டாரும் மூடிவிடுகின்றன.

வீட்டில் ஏன் நன்றாக இருந்தது? குறைந்த சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த ஓசைகள் சரியாக எட்டாது. ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் தனியாக, மெதுவாக வாசிக்கும்போது கை தானாக பேஸ் குமிழைக் கூட்டப் போகிறது. குழுவில் சத்தம் ஏறியதும் அந்தக் கூடுதல் வெறும் முழக்கமாகிவிடும். ஆம்புக்கும் அது சுமை: 3 டெசிபல் கூட்டினால் இரண்டு மடங்கு சக்தி வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. சின்ன ஆம்ப் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

எல்லாக் குமிழையும் நடுவில் வையுங்கள். பேஸ் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள், மிட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், பிடிக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். குழுவோடு வாசித்துப் பதிவு செய்து கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். உங்களுடையது இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் வகை என்றால் இன்னொன்று: இரண்டு வால்யூமும் முழுக்கத் திறந்திருந்தால் மிட் தானாகவே கொஞ்சம் குழிவிழும். முன் (நெக் பக்க) பிக்கப்பை மட்டும் சற்றுக் குறைத்துப் பாருங்கள், குரல் முன்னுக்கு வரும். கையையும் பிரிட்ஜ் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை.

கே: கம்பியைத் தொட்டால் ஹம் குறைகிறது, கையை எடுத்தால் கூடுகிறது. என்ன கோளாறு?

ப: கோளாறு இல்லை. பிரிட்ஜுக்கு கிரவுண்டு வயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மலிவு பேஸ்களில் உள்குழிக்குள் ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) பேருக்குத்தான் இருக்கும். செப்பு டேப் ஒட்டி, அதை கிரவுண்டோடு இணைத்தால் இரைச்சல் நன்றாகக் குறையும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் இயல்பாகவே எடுக்கும் ஹம் மட்டும் அதற்கும் மசியாது. தொடும்போது ஹம் கூடினால் ஜாக்கில் (கேபிள் செருகும் இடத்தில்) வயர்கள் மாறியிருக்கலாம். தொட்டால் சுருக்கென்று அடித்தால் அதோடு வாசிப்பதை நிறுத்துங்கள். ஆம்பையும் பிளக் பாயிண்டின் எர்த்தையும் எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் திரும்பத் தொடாதீர்கள்.

கே: சத்தம் கூட வேண்டும் என்று பிக்கப்பைக் கம்பியை ஒட்டி ஏற்றினேன். மேல் ஃப்ரெட்டுகளில் நோட்டு அலைகிறது.

ப: காந்தம் கம்பியை இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு பாருங்கள்: இ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. அளவு இறக்குங்கள். சத்தம் வேண்டுமானால் ஆம்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

கே: 12-ஆவது ஃப்ரெட்டில் ட்யூனர் ஷார்ப் (சுருதி கூடுதல்) காட்டுகிறது.

ப: சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள். ஃப்ளாட் (சுருதி குறைவு) காட்டினால் முன்னால். அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அழுத்திய நோட்டும் ஒன்றாகும் வரை. பழைய ஸ்ட்ரிங்கில் இதைச் செய்யாதீர்கள், மறுபடியும் சொல்கிறேன், முதலில் ஸ்ட்ரிங்.

கே: ஜி கம்பியில் ஐந்து, ஆறாவது ஃப்ரெட் நோட்டு மட்டும் உடனே செத்துப்போகிறது. ஃப்ரெட் தேய்ந்துவிட்டதா?

ப: இல்லை, அது டெட் ஸ்பாட். நெக்கின் சொந்த அதிர்வு அந்த நோட்டின் சக்தியைத் தின்றுவிடுகிறது. விலை உயர்ந்த பேஸிலும் உண்டு. பேஸின் தலைப்பகுதியில் ஒரு கிளாம்ப் மாட்டிப் பாருங்கள், இடம் நகரும். டி கம்பியில் பத்து, பதினொன்றாவது ஃப்ரெட்டில் அதே நோட்டு கிடைக்கும்.

கே: டோன் குமிழுக்கு விலை உயர்ந்த கெப்பாசிட்டர் போட்டால்?

ப: 0.047 மைக்ரோ ஃபாரட் என்றால் எந்த 0.047-ம் ஒன்றுதான். மதிப்பை மாற்றினால் ஒலி மாறும், விலையை மாற்றினால் மாறாது.

கே: கிட்டார் ஆம்பில் பேஸ் வாசிக்கலாமா?

ப: மெதுவாக, பயிற்சிக்கு மட்டும். சத்தம் ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும்.

கே: ஆக்டிவ் பேஸ். திடீரென்று கரகரப்பாக உடைந்து ஒலிக்கிறது. ப்ரீஆம்ப் (உள்ளே இருக்கும் சிக்னல் பெருக்கி) போய்விட்டதா?

ப: 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பார்த்தீர்களா? கேபிள் செருகியிருக்கும் வரை அது தீர்ந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் பேஸிலிருந்து கேபிளை எடுத்துவிடுங்கள்.