மகன் வேண்டுமென்று செய்யவில்லை, சகோதரி

ஒன்பது வயது மகன் ஒரு வருடமாகக் கண்ணைச் சிமிட்டுகிறான், தொண்டையைச் செருமுகிறான், வகுப்பில் திட்டு வாங்குகிறான், இது கடைசிவரை இருக்குமா என்று அம்மாபேட்டையிலிருந்து கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் சொல்வது டிக், அதாவது தானாகவே திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது சத்தம், போலத் தெரிகிறது. உறுதி செய்ய வேண்டியது மருத்துவர்தான். ஆனால் திட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லெக்மன், டிக்கையும் ஓசிடியையும் (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும் நோய்) பல பத்தாண்டுகள் ஆராய்ந்த மனநல மருத்துவர். 1993இல் அவர் குழு நோயாளிகளிடமே கேட்டு எழுதியது இது: டிக் வருவதற்கு முன், தும்மலுக்கு முன் வருவதுபோல உடம்பில் ஓர் உந்துதல் எழும், செய்தால்தான் தணியும். கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனால் முழுக் கவனமும் அதிலேயே போய்விடும், பாடம் எங்கே ஏறும்? ஆசிரியரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு அவரது 1998 ஆய்வில் ஆறுதல் இருக்கிறது. டூரெட் (அசைவு, சத்தம் இரண்டு வகை டிக்கும் ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்கும் நிலை) உள்ள பிள்ளைகளுக்கு டிக் சராசரியாகப் பத்து வயதில் உச்சத்தில் இருந்தது. பதினெட்டு வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இல்லை என்றே சொல்லலாம். எனவே அடுத்த ஓரிரு வருடம் கூடினாலும் பயப்படாதீர்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. பழக்கத்தை மாற்றும் பயிற்சியும் உண்டு. திரும்பத் திரும்பக் கை கழுவுவது, சரிபார்ப்பது, கவனம் சிதறுவது இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், பலருக்கு டிக்கைவிட அதுதான் பெரிய தொல்லை. அப்புறம், கைபேசியில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முன்னால் பல பிள்ளைகளுக்கு டிக் வருவதே இல்லை.