தோமா சுவிசேஷத்தை ஒளித்தது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவன், என் மனைவி கத்தோலிக்கர். அவர் வைத்திருக்கும் திருவிவிலியத்தில் 73 நூல்கள், என் வேதாகமத்தில் 66. ஏன் இப்படி என்று எனக்கு நெடுநாளாகக் கேள்வி உண்டு. இந்நிலையில் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். கி.பி. 325இல் நைசியாவில் கான்ஸ்டன்டைன் மன்னன் ஆயர்களைக் கூட்டி ஓட்டெடுப்பு நடத்தினான், நான்கு சுவிசேஷங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எரித்தான், தோமா சுவிசேஷம் மட்டும் எப்படியோ தப்பியது என்கிறது அது. உண்மையா? அப்படியானால் ஞாயிறுதோறும் நாங்கள் வாசிப்பது ஒரு ராஜா பொறுக்கித் தந்ததா? போதகரிடம் கேட்டேன். அதையெல்லாம் படிக்காதீர்கள் என்றார்.

ஜே., நாகர்கோவில்

அன்புள்ள ஜே.,

நைசியாவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அங்கே ஆயர்கள் விவாதித்தது ஆரியுஸ் என்ற குருவின் போதனையை. குமாரன் பிதாவுக்குச் சமமானவரா, படைக்கப்பட்டவரா என்பதுதான் பிரச்சினை. ஈஸ்டரை எப்போது கொண்டாடுவது என்றும் பேசினார்கள். அவர்கள் இயற்றிய 20 விதிகள் இன்றும் கைவசம் உள்ளன. அவற்றில் ஒன்றுகூட வேதநூல்களின் பட்டியலைப் பற்றியது அல்ல. ஐநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூலில்தான், எல்லா நூல்களையும் பலிபீடத்தருகே வைத்து ஜெபித்தார்கள், மெய்யானவை மேலேயும் பொய்யானவை கீழேயும் காணப்பட்டன என்றொரு கதை வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதை எடுத்தெழுதிப் பரப்பினார். உங்களுக்கு வந்த வீடியோவின் தாத்தா அவர்தான்.

உண்மையில் நடந்தது எனக்கு இதைவிடப் பலமடங்கு சுவாரசியமாகத் தோன்றுகிறது. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவில் செராப்பியோன் என்ற ஆயர் இருந்தார். ரோசுஸ் என்ற ஊரின் சபையில் 'பேதுரு சுவிசேஷம்' என்று ஒன்றை வாசிப்பதில் சச்சரவு. இவர் அதைப் படித்ததில்லை. சண்டைக்குக் காரணம் இவ்வளவுதான் என்றால் வாசித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். அப்புறம் அந்த நூலைப் பயன்படுத்தியவர்களிடமே இரவல் வாங்கிப் படித்துப் பார்க்கிறார். பெரும்பகுதி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றம்தான் என்று சொல்லும் கூட்டத்தாருக்குத் தோதாகச் சில இடங்கள் சேர்க்கப்பட்டிருப்பதாக அவருக்குப் படுகிறது. அந்த இடங்களைக் குறித்து அனுப்புகிறார், அனுமதியைத் திரும்பப் பெறுகிறார். இந்தக் கடிதத்தின் ஒரு பகுதியை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பாதுகாத்து வைத்திருக்கிறார். 1886-87இல் எகிப்தின் அக்மீமில் ஒரு கல்லறையிலிருந்து பேதுரு சுவிசேஷத்தின் துண்டு ஒன்றும் கிடைத்தது. அதில் உயிர்த்தெழுந்தவருக்குப் பின்னால் சிலுவை தானாக நடந்து வருகிறது, பேசவும் செய்கிறது!

இதில் எந்த மன்னன் வருகிறான்? ஒரு சிற்றூர்ச் சபை, ஒரு ஆயர், ஒரு இரவல் புத்தகம். இப்படி நூற்றுக்கணக்கான ஊர்களில், ஆராதனையில் எதை உரக்க வாசிப்பது என்ற கேள்வியிலிருந்துதான் பட்டியல் உருவானது. நான்கு சுவிசேஷங்களும் பவுலின் நிருபங்களும் சீக்கிரமே நிலைத்துவிட்டன. ஓரத்து நூல்கள்தான் இழுபறியில் இருந்தன. யாக்கோபு, யூதா, இரண்டாம் பேதுரு, யோவானின் கடைசி இரண்டு நிருபங்கள் ஆகியவற்றை யூசேபியுஸ் 'மறுக்கப்படுபவை, ஆனாலும் பலர் அறிந்தவை' என்ற வரிசையில் வைக்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதியவர் நான்காம் சுவிசேஷத்தை எழுதிய யோவான் அல்ல என்று 3ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியுஸ் நடையையும் இலக்கணத்தையும் ஒப்பிட்டு வாதிட்டார். ஆனாலும் சகோதரர்கள் பலர் அதைப் போற்றுவதால் தள்ளிவிடத் துணியமாட்டேன் என்றார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்று நம் கையிலிருக்கும் 27 நூல்களும் கூடாமல் குறையாமல் ஒரே பட்டியலில் முதன்முதலாகத் தென்படுவது 367இல், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் ஈஸ்டரை ஒட்டி எழுதிய ஒரு சுற்றுக்கடிதத்தில். அதோடும் முடியவில்லை. பெஷித்தா என்னும் சீரியாக்க மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாட்டில் முதலில் 22 நூல்களே இருந்தன.

அடக்குமுறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அத்தனாசியுஸின் அதே கடிதம், பட்டியலில் சேராமல் இரகசிய நூல்கள் என்று வழங்கியவற்றைக் கடுமையாகக் கண்டிக்கிறது. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே ஜாடியில் கிடைத்த 13 சுவடிகளை, அந்தக் கண்டனத்துக்குப் பயந்து துறவிகள் யாரோ புதைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். தோமா சுவிசேஷம் முழுமையாகக் கிடைத்தது அங்கேதான். அதில் 114 வாசகங்கள் உண்டு. சிலுவை மரணம் இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை, அற்புதங்கள் இல்லை. கடுகு விதை, விதைப்பவன் என்று நீங்கள் அறிந்த உவமைகள் உண்டு, அறியாத புதிர்களும் உண்டு. சபை ஒளித்த விடுதலைச் சுவிசேஷம் என்று இதைக் கொண்டாடுபவர்கள் கடைசி வாசகத்தைப் படிக்க வேண்டும். பெண்கள் ஜீவனுக்குத் தகுதியற்றவர்கள், மரியாள் நம்மைவிட்டுப் போகட்டும் என்கிறார் பேதுரு. அவளை ஆணாக்குவேன் என்று இயேசு பதில் சொல்வதாக வருகிறது. பட்டியலில் இது இல்லாததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் படிக்காதீர்கள் என்று சொல்வதை ஏற்கமாட்டேன். செராப்பியோன்கூடப் படித்துவிட்டுத்தான் மறுத்தார்.

சரி, 66க்கும் 73க்கும் வருகிறேன். தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலான ஏழும் கிரேக்க மொழி பேசிய யூதர்களிடமிருந்து ஆதிச் சபைக்கு வந்தவை. எபிரேயத் தொகுப்பில் இல்லை என்பதால், வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் தயங்கினார், அவர் காலத்து ஆயர் அகஸ்டின் ஏற்றார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1534இல் தன் ஜெர்மன் வேதாகமத்தில் அவற்றை நீக்கவில்லை. வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்க நல்லவை என்று சொல்லித் தனிப்பகுதியாக வைத்தார். 1546இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் அவை வேதமே என்று அறுதியிட்டது. 1611இன் ஆங்கில வேதாகமத்திலும் அவை இருந்தன. 1826இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் அவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் 66 மட்டும் கொண்ட பிரதி உலகெங்கும் வழக்கமானது. உங்கள் மனைவியின் பிரதியில் யாரும் புதிதாக ஏழைச் சேர்த்துவிடவில்லை.

இன்னொன்று. மரியாளின் பெற்றோர் சுவக்கின், அன்னம்மாள் என்ற பெயர்கள் 73இலும் இல்லை. யாக்கோபின் பெயரில் வழங்கும் 2ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து வந்தவை அவை. தோமா இந்தியாவுக்கு வந்து ஈட்டியால் குத்தப்பட்டு இறந்ததைச் சொல்லும் 'தோமாவின் நடபடிகள்' நூலும் பட்டியலில் ஏறவில்லை. ஆனால் மயிலாப்பூரும் பரங்கிமலையும் அந்த நினைவைத்தான் சுமக்கின்றன. வேதம் என்று ஏற்காத ஒன்றையும் சபை பத்திரமாக வைத்துக்கொள்ள முடியும்.

பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றில் எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்றால், ஏனோக்கின் புத்தகத்தைச் சொல்வேன். எத்தியோப்பிய சபைக்கு அது இன்றும் வேதநூல். மற்றவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். உங்கள் 66க்குள் இருக்கும் யூதாவின் நிருபம் 14, 15ஆம் வசனங்களில் அதிலிருந்து நேராக மேற்கோள் காட்டுகிறது. அந்த இரண்டு வசனங்களையும் முதலில் வாசித்துவிட்டு அதற்குள் போங்கள்.