கள்ளர்களை முறிகண்டியில் நிறுத்துங்கள்

உங்கள் நகைச்சுவைக் கதையில் மூன்று சில்லறைக் கள்ளர்களின் கடைசிக் களவு கிளிநொச்சி அரிசி ஆலையில் நன்றாகத் தொடங்குகிறது, தப்பியோடும்போது சிரிப்பு வரவில்லை என்கிறீர்கள். கார் கொடுத்ததுதான் பிழை. லான்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தைக் கொடுங்கள். அதன் இரைச்சலில் பாதி ஊர் விழிக்கும். நெல் மூடை ஏற்றினால் சைக்கிள்காரரும் முந்துவார். ஏ9 வீதியில் தெற்கே போனால் முறிகண்டிப் பிள்ளையார் கோயில். அங்கே நிற்காமல் போகச் சாரதிகளுக்கு மனம் வராது, கள்ளனுக்கும்தான். ஒருவன் தேங்காய் உடைக்கிறான். மற்றவன் கச்சான் கடலைச் சுருளுக்குப் பேரம் பேசுகிறான். மூன்றாமவன் திருநீறு பூசித் திரும்பினால், பக்கத்தில் கண்மூடி நிற்பவர் ஆலை முதலாளி. களவுபோன நெல்லுக்கு நேர்த்தி வைக்கிறார். மூடையில் ஓட்டை, வழியெல்லாம் நெல் என்பது மட்டும் வேண்டாம், அரதப் பழசு.